பழைய காரின் ஸ்டியரிங்: இழுப்பு, ஆட்டம், உதறல், கனம்

ஸ்டியரிங் சரியில்லை என்று பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் நடப்பது அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து திருத்துவது. காசு கொடுத்து வெளியே வந்து இரண்டு நாள் வண்டி நன்றாக ஓடும். மூன்றாம் நாள் பழைய குறை திரும்பி வந்துவிடும். அலைன்மெண்ட் செய்தவர் மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாம். தேய்ந்து ஆடும் மூட்டை அப்படியே விட்டுக் கோணம் அளந்தால், அளந்த அந்த நிமிடத்துக்கு மட்டும்தான் அளவு சரி. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் மூட்டு வேறு இடத்தில் போய் உட்காரும், கோணமும் மாறிவிடும். ஆகவே அலைன்மெண்ட் கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை, வண்டி ஓட்டத் தெரிந்து ஸ்பேனர் பிடித்துப் பழகாதவருக்கும் புரியும்படி இங்கே சொல்கிறோம்.

உங்கள் கையிலிருந்து சாலை வரை ஒரு சங்கிலி இருக்கிறது. ஸ்டியரிங் வளையம், அதன் தண்டு, தண்டின் அடியில் ஒரு சிலுவை மூட்டு, பிறகு ரேக் (இடமும் வலமும் நகரும் பற்கள் கொண்ட கம்பி), ரேக்கின் இரு முனையிலும் டை ராடு என்ற இணைப்புக் கம்பி, அதன் முனை மூட்டான டை ராடு எண்ட், அது பிடித்துத் திருப்பும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்), கடைசியில் சக்கரமும் டயரும். இந்த மூட்டு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தாராளமாக அசைய வேண்டும், மறுபக்கம் இம்மியும் அசையக் கூடாது. அசையக் கூடாத பக்கம் அசைந்தால் அது ஆட்டம். அசைய வேண்டிய பக்கம் அசையாவிட்டால் இறுக்கம். எல்லாம் ஒழுங்காக இருந்தும் சக்கரம் நிற்கும் சாய்வு தவறினால் கோணப் பிழை. சாலையைத் தொடும் டயரே கெட்டிருந்தால் அது தனிக் குறை. பெரும்பாலான ஸ்டியரிங் புகார்கள் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். சில சமயம் இரண்டு சேர்ந்து வரும்.

எனவே ஜாக்கியைத் தொடுவதற்கு முன் குறை எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நேராகப் போகும்போதா, பிரேக் மிதிக்கும்போது மட்டுமா, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதா, குறிப்பிட்ட வேகத்திலா, நின்ற இடத்தில் திருப்பும்போதா? இந்தப் பதில் கையில் இருந்தால் பாதித் தேடல் முடிந்தது.

வண்டி இழுக்கிறதா, சாலை இழுக்கிறதா?

பர்மாவில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி முடிச்சு உண்டு. 1970 டிசம்பர் 6 அன்று நாடு இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் இங்கே ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ளவை. மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரங்களில் தாழ்த்திப் போடுவார்கள். நாம் வலப்பக்கம் ஓட்டுவதால் நம் தடம் வலது ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஓட்டுபவர் உட்காருவதும் அதே வலப்பக்கம். ஒருவர் மட்டும் போகும்போது அவர் எடையும் சரிவும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுகின்றன. இடப்பக்கச் சாலைக்காக ஜப்பானில் அமைக்கப்பட்ட வண்டியில் அலைன்மெண்ட் இடது சரிவை ஈடுகட்டும்படி இம்மியளவு வலப்பக்கம் வைக்கப்பட்டிருந்தால் அதுவும் கூடிக்கொள்ளும்.

குறையே இல்லாத வண்டிகூட இங்கே கையை லேசாக்கினால் மெல்ல வலது ஓரம் நோக்கி நகரும் என்பது இதனால்தான். அதைக் குறை என்று எண்ணி டை ராடை முறுக்கினால் நல்ல டயர் வீணாகும். முதலில் ஒரு பெரிய, ஆளில்லாத தளத்துக்குப் போங்கள். தொழிற்சாலை வளாகம், கிடங்கு முற்றம், சிமெண்டுத் தரை எதுவானாலும் சரி. 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே கோட்டில் ஒரு திசையில் ஓட்டி, அதே கோட்டில் எதிர்த்திசையில் திரும்பி வாருங்கள். கைகளை வளையத்தை விட்டு முழுதாக எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். போகும்போதும் வரும்போதும் வண்டியின் வலப்பக்கமே இழுத்தால் குறை வண்டியில். போகும்போது வலது, வரும்போது இடது என்று மாறினால் அது தரையின் சரிவு, வண்டிக்கு ஒன்றுமில்லை.

வலது ஓரம் நமக்கு இன்னொரு வேலையும் வைக்கிறது. தார் உடைந்த விளிம்பு, மழைநீர் மூடிய குழி, வடிகால் மூடி எல்லாம் அந்தப் பக்கம்தான். அதனால் வலது முன்சக்கரத்தின் மூட்டுகளை எப்போதும் முதலில் பாருங்கள்.

டயரிலிருந்து தொடங்குங்கள்

காலையில், வண்டி ஓடுவதற்கு முன், நான்கு சக்கரத்திலும் காற்று அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஜப்பான் மொழி இருந்தாலும் எண்களைப் படிக்கலாம். 220 என்று மூன்று இலக்கமாக இருந்தால் அது கிலோபாஸ்கல். 6.9-ஆல் வகுத்தால் பவுண்டு, அதாவது 32. இன்னும் பழைய வண்டியில் 2.2 என்று புள்ளி வைத்து இருக்கும். அதை 14.2-ஆல் பெருக்கினால் 31 பவுண்டு. டயர் சுவரில் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்து நிரப்பக் கூடாது.

முன் இரண்டு டயருக்குள் 5 பவுண்டு வித்தியாசம் இருந்தாலே ஸ்டியரிங்கில் தெரியும். காற்று குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். எத்தனையோ இழுப்புகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். அதனால் இதைத் தாண்டி ஓடாதீர்கள்.

பிறகு டயரின் பட்டனை, அதாவது சாலையைத் தொடும் மேற்பரப்பை, உள்ளங்கையால் தடவுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள். குறுக்கே ஒரு திசையில் தடவும்போது வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம் போல் உறுத்தினால் டோ தவறியிருக்கிறது, அதாவது இரு முன்சக்கரமும் மேலிருந்து பார்த்தால் நேராக நிற்காமல் உள்ளே குவிந்தோ வெளியே விரிந்தோ நிற்கின்றன. ஒரு விளிம்பு மட்டும் வழவழவென்று மொட்டையாகியிருந்தால் கேம்பர், அதாவது முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் சாய்வு, தவறியிருக்கலாம். சுற்றளவில் அங்கங்கே கிண்ணம் போல் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது அல்லது சக்கரம் பேலன்ஸ் இல்லை, அதாவது அதன் எடை சுற்றிலும் சமமாக இல்லை. இரு ஓரமும் தேய்ந்து நடு நிமிர்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். காஸ்டர் என்ற மூன்றாவது கோணம், பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியும் சாய்வு, டயரில் தடயம் வைக்காது. திருப்பிய ஸ்டியரிங் தானே நடுவுக்குத் திரும்புவது அதனால்தான். இரு பக்கத்துக்கும் காஸ்டர் வேறுபட்டால், குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். குழியில் வலுவாக மோதி லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை) பின்னால் வளைந்த வண்டியில் நடப்பது இதுதான்.

டயரின் வயதையும் பாருங்கள். சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. கைமாறி வந்த டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் உள்ளே கம்பிப் பட்டை பிரிந்திருக்கக்கூடும். அதைச் சோதிக்க ஒரு வழி: முன் இடது, முன் வலது டயர்களை மட்டும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். சுவரில் அம்புக்குறி உள்ள டயராக இருந்தால் இப்படி மாற்ற முடியாது. இழுப்பு மறுபக்கம் போய்விட்டால் குற்றம் டயரில். அப்படியே இருந்தால் டயரை விட்டுவிட்டு மேலே போகலாம். அரை மணி நேரத்தில், காசில்லாமல் கிடைக்கும் மிக உறுதியான சோதனை இது.

பிரேக் மிதித்தால் மட்டும் இழுத்தால்

அது ஸ்டியரிங் குறை இல்லை. ஒரு பக்க பிரேக் பிடிக்கிறது, மறுபக்கம் பிடிக்கவில்லை. வண்டி பிடிக்கும் பக்கம் இழுக்கும். ஆகவே இடப்பக்கம் இழுத்தால் வலது காலிப்பரை, அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகத்தை, சந்தேகப்படுங்கள். மிதிக்காதபோதும் ஒரு பக்கம் இழுத்து, பத்து நிமிடம் ஓடி நிறுத்தியதும் ஒரு ரிம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையை ரிம்மின் அருகே கொண்டுபோனாலே சூடு தெரியும், தொட வேண்டாம். பழைய வண்டியில் பிரேக் ரப்பர் குழாய் உள்ளே உப்பி அடைத்துக்கொள்வதும் உண்டு. எண்ணெய் போகும், திரும்பி வராது. காலிப்பரை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் குழாயை விட்டால் குறை அப்படியே இருக்கும்.

ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்று வண்டி துள்ளினால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது அந்தக் கையின் மூட்டிலுள்ள ரப்பர், கிழிந்திருக்கிறது. ரப்பர் விட்டுப்போனதால் சக்கரமே முன்னும் பின்னும் நகர்கிறது. கோணம் எவ்வளவு திருத்தினாலும் நிற்காது.

ஆட்டத்தைத் தேடுவது

ஆட்டத்தை முதலில் அளந்துவிடுங்கள். சக்கரம் நேராக, வண்டி தரையில். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும். வளையத்தின் மேல்விளிம்பில் ஒட்டு நாடா ஒரு துண்டு ஒட்டி, பக்கத்தில் அளவுகோலைப் பிடித்து, ஒரு விரலால் இடமும் வலமும் தள்ளுங்கள். முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை வளையம் சும்மா போகும் தூரம்தான் ஆட்டம். டொயோட்டாவின் பல கையேடுகள் 30 மில்லிமீட்டரை உச்ச எல்லையாகச் சொல்கின்றன. நல்ல ரேக் உள்ள கார் அதில் பாதியைக்கூடத் தொடாது.

இப்போது கூட ஒருவர் வேண்டும். அவர் உள்ளே உட்கார்ந்து வளையத்தைக் கடிகாரத்தின் 11-க்கும் 1-க்கும் இடையே விடாமல், சுருக்கமாக, இடமும் வலமும் ஆட்டட்டும். வண்டியின் எடை டயரில் இருப்பதால் ஒவ்வொரு மூட்டிலும் சுமை ஏறியிருக்கும். தேய்ந்த மூட்டு மறைக்க முடியாது. நீங்கள் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து டை ராடு எண்டைக் கண்டுபிடியுங்கள். கட்டைவிரல் அளவுக் குமிழ், கீழே பூ வடிவ நட், நட்டின் குறுக்கே ஒரு முள். குமிழைச் சுற்றியிருக்கும் ரப்பர் கவர் கிழிந்திருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து கறுத்து, மணல் கலந்து அரைத்த மாவு போல் பிதுங்கியிருக்கும். ஆள்காட்டி விரலைப் பாதி குமிழின் மேலும் பாதி நக்கிளின் கையின் மேலும் படும்படி வையுங்கள். இரண்டும் ஒன்றாக அசைந்தால் மூட்டு நலம். ஒன்று முன்னே போய் மற்றது பின்னால் ‘டக்’ என்று தொடர்ந்தால், அந்த டக்கை விரலே சொல்லிவிடும். கண்ணை நம்புவதைவிட விரலை நம்பலாம். இன்ஜின் சூடான பாகங்களிலிருந்து கை விலகியிருக்கட்டும். வண்டி நகராமல் ஹாண்ட் பிரேக்கும் பின்சக்கரத்துக்குக் கட்டையும் அவசியம்.

அதே ஆட்டத்தில் ரேக்கின் ரப்பர் உறையை அழுத்திப் பிடித்தால் உள் மூட்டின் ஆட்டமும் தெரியும். ரேக் முழுவதுமே பக்கவாட்டில் நகர்ந்தால் அதைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் போய்விட்டது. வளையம் திரும்பியும் ரேக்குக்குள் போகும் தண்டு திரும்பாவிட்டால் சிலுவை மூட்டு.

பழைய மாஸ்டா ஜீப், பழைய ஹைலக்ஸ் போன்றவற்றில் ரேக் கிடையாது, பல்சக்கரம் உள்ள ஸ்டியரிங் பாக்ஸ்தான். அதன் மேல்மூடியில் ஒரு திருகும் பூட்டு நட்டும் இருக்கும். ஆட்டம் தெரிந்தவுடன் அதை இறுக்குவது பலருடைய பழக்கம். தயவுசெய்து கடைசி வரை அதைத் தொடாதீர்கள். பாக்ஸுக்கு வெளியே, திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிட்மன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம், நடுக் கம்பி மூட்டுகள் என்று தேயக்கூடியவை நிறைய. அவற்றை முடித்த பிறகும் ஆட்டம் இருந்தால், சக்கரம் நேராக நிற்கும்போது ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கிப் பாருங்கள். பாக்ஸின் பல்சக்கரம் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடு ஆட்டம் போக இறுக்கினால் திரும்பும் இடத்தில் கவ்விக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானே திரும்பாமல் நிற்பது, ஆட்டத்தைவிட ஆபத்து.

ஜாக்கி போட்ட பின்

தரை கெட்டியாக இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையோ தலையோ அடியில் போகக் கூடாது. ஸ்டாண்ட் வையுங்கள், இல்லாவிட்டால் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய தடித்த மரக்கட்டை. செங்கல் வேண்டாம். எச்சரிக்கை இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் கடிகாரத்தின் 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராடு பக்கத்து ஆட்டம் தெரியும். 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (நக்கிளை ஆர்மோடு இணைக்கும் குமிழ் மூட்டு). இந்த இரண்டையும் பிரிக்க, கூட இருப்பவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் போய்விட்டால் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட். ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியில் மட்டும் ஜாக்கியை ஆர்முக்கு அடியில் கொடுக்க வேண்டும். வண்டியின் சேஸிஸைத் தூக்கினால் ஸ்பிரிங் மூட்டை அழுத்திப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும்.

பால் ஜாயிண்டில் ஆட்டம் கண்டால் வண்டியை அன்றே நிறுத்துங்கள். அது கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி உட்கார்ந்துவிடும். டை ராடு எண்டுக்கும் இதே சொல்தான்.

உதறல்

80-லிருந்து 100 கிலோமீட்டருக்குள் வளையம் நடுங்கி, வேகம் கூட்டினாலோ குறைத்தாலோ அடங்கினால் பேலன்சிங். மழைக்காலத்தில் அதற்கும் முன்னால் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். மே முதல் அக்டோபர் வரை சேற்றுத் தடத்தில் போய் வந்த வண்டியில் களிமண் ரிம்முக்குள் ஒரு பக்கமாக ஒட்டிக் காய்ந்திருக்கும். ஒரு கைப்பிடி மண் போதும். 30, 40 வேகத்திலேயே வளையம் இடமும் வலமும் அலைந்தால் டயர் வீங்கியிருக்கிறது அல்லது ரிம் வளைந்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி, பட்டனை ஒட்டி ஒரு குச்சியை நட்டு, கையால் சுற்றினால் இடைவெளி கூடுவதும் குறைவதும் தெரியும். பிரேக்கில் மட்டும் உதறினால் முன் டிஸ்க் தடிமன் சீராக இல்லை. வளையத்தில் இல்லாமல் இருக்கையில் நடுக்கம் வந்தால் பின்சக்கரத்தைப் பாருங்கள்.

பிக்கப்பில் பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றினால் முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் லேசாகி, வண்டி மிதக்கும். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவில் நிறைய வண்டிகள் இப்படித்தான் போகின்றன. அது மூட்டுக் குறை இல்லை, சுமைக் குறை. ஆனால் ஏற்கெனவே ஆடும் மூட்டோடு அப்படிப் போவது உயிரோடு விளையாடுவது.

கனம்

முன்பக்கத்தைத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, வளையத்தைத் திருப்புங்கள். அப்போதும் கனமாக இருந்தால் எங்கோ இறுக்கம். ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை இறுகி இரண்டு முறை தளர்ந்தால் தண்டின் அடியில் இருக்கும் சிலுவை மூட்டு துருப்பிடித்துவிட்டது. மழைநீரில் நின்ற வண்டிகளில் இது அடிக்கடி வரும். திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று துள்ளினால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் பேரிங். தூக்கியபோது லேசாகவும் தரையில் கனமாகவும் இருந்தால் காற்று, பிறகு பவர் ஸ்டியரிங் எண்ணெய், பெல்ட். பல பழைய டொயோட்டா, நிசானில் இதற்குத் தானியங்கி கியர் எண்ணெயான டெக்ஸ்ரான்தான் ஊற்றுவது. ஹோண்டாவுக்கு அதன் சொந்த எண்ணெய். மூடியில் எழுதியிருப்பதை மீறாதீர்கள். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நிற்காமல் எங்கே கசிந்தது என்று பாருங்கள், பெரும்பாலும் ரேக்கின் ரப்பர் உறைக்குள் தேங்கியிருக்கும்.

மாற்றும்போது

டை ராடு எண்டைக் கழற்றுவதற்கு முன் பூட்டு நட்டின் இடத்தில் பெயிண்ட் தொட்டு, கழற்றும்போது சுற்றுகளை எண்ணி எழுதுங்கள். புதியதை அதே எண்ணிக்கை ஏற்றினால் பட்டறை வரை ஓட்டக்கூடிய அளவுக்கு நேராக இருக்கும். பல கொரோலாக்களில் பூ நட்டின் இறுக்கம் 49 நியூட்டன் மீட்டர், சக்கர நட் 103. முள் ஓட்டை நேர்ப்படாவிட்டால் இன்னும் கொஞ்சம் முன்னே இறுக்கி நேராக்குங்கள், பின்னால் தளர்த்திப் பொருத்தாதீர்கள். பழைய முள்ளைத் திரும்பப் போடக் கூடாது.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றும் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆர்ம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், கொஞ்ச நாளிலேயே கிழியும். போல்ட்டை லேசாகப் பிடிக்க விட்டு, சக்கரம் தரையில் எடையைத் தாங்கிய பிறகு இறுக்க வேண்டும். பக்கத்தில் நின்று இதைக் கேட்டு வாங்குங்கள்.

டோவைச் சாக்பீஸால் அளப்பது

மூட்டெல்லாம் சரியான பின் டோவை வீட்டிலேயே சோதிக்கலாம். சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்து, வண்டியை ஓரடி முன்னே தள்ளி நிறுத்துங்கள். முன்டயர் இரண்டிலும் பின்புறம், அச்சின் உயரத்தில், பட்டனின் நடுவில் சாக்பீஸால் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு. இரு கோட்டுக்கும் இடைத்தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். பிறகு வண்டியை முன்னோக்கித் தள்ளி, அதே கோடுகள் முன்புறம் அதே உயரத்துக்கு வந்ததும் மீண்டும் அளங்கள். பின்னோக்கித் தள்ளிச் சரிசெய்தால் மூட்டு மறுபக்கம் சாய்ந்து அளவு கெடும், தாண்டிவிட்டால் தொடக்கத்திலிருந்து வாருங்கள். அதே கோட்டையே இரு முறையும் அளப்பதால் ரிம் சற்று வளைந்திருந்தாலும் கணக்குத் தப்பாது.

முன் அளவு பின் அளவைவிட 0 முதல் 3 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் பல பழைய கார்களுக்குப் போதும். சரியான எண் உங்கள் வண்டிக் கையேட்டில். முன் அளவு கூடுதலாக இருந்தால் சக்கரம் வெளியே விரிந்திருக்கிறது, நேர்ச்சாலையில் வண்டி அலைவது அதனால்தான். திருத்தும்போது இரு டை ராடையும் சமமாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் டோ சரியாகி வளையம் கோணலாக நிற்கும். வளையம் கோணலாக நிற்கிறதே என்று அதைத் தண்டிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டால் ரேக்கின் நடு தவறியபடியே இருந்து, ஒரு பக்கம் வண்டி குறைவாகத் திரும்பும். பூட்டு நட்டை இறுக்கிய பின் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வந்து அதே கோட்டில் இன்னொரு முறை அளங்கள். இறுக்கும்போதே டை ராடு கால் சுற்று வரை சுழன்றிருக்கலாம்.